வலி நின்றதும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்: வேலூர்ப் பக்கம் முதல்முறை பல் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கத்திரி வெயிலில், வேலூர்க் கோட்டை எதிரே ஐஸ் போட்ட சர்பத் ஒரு மடக்குக் குடித்தேன். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்லில் சுரீர் என்று ஒரு இழுப்பு, காது வரைக்கும் போனது. அன்றைக்கே பார்த்திருந்தால் அடைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் நாலு மாதம் வலது பக்கமே மென்று சமாளித்தேன். அப்புறம் ஒரு ராத்திரி தூக்கமே இல்லாமல் போய், மறுநாள் ஒரு கிளினிக்கில் ரூட் கேனால், அதாவது பல்லுக்குள் இருக்கிற நரம்பை எடுத்துவிட்டு அடைக்கிற வைத்தியம், ஆரம்பித்தார்கள். முதல் சிட்டிங்கிலேயே வலி போய்விட்டது. வலி போனதும் நானும் போகாமல் விட்டேன். சில மாதத்தில் சீழ் கட்டி மறுபடி ஓடினேன், இந்தமுறை வேர் வரைக்கும் அடைத்து முடித்தார்கள், ஆனால் பல்லுக்கு மேலே தொப்பி மாதிரி மாட்டுகிற கேப் போடக் காசு இப்போது இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நானே தள்ளிப்போட்டேன். அடுத்த மாதம் வரவேயில்லை. கல்யாண வீட்டுப் பிரியாணியில் ஒரு எலும்பைக் கடித்தபோது பல் நெடுக்கில் இரண்டாகப் பிளந்தது. பிளந்த பல்லை ஒட்டவைக்க முடியாது, எடுத்தாக வேண்டும்.

எட்டாயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது இப்போது நாற்பதாயிரத்தை நெருங்குகிறது. நான் வேலை பார்ப்பது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில், ஷிப்ட் வேலை, லீவு போட்டால் அன்றைய சம்பளமும் போச்சு. அந்தக் கணக்கை இதில் சேர்க்கவில்லை. நீங்களாவது தப்பித்துக்கொள்ள, வரிசையாக எழுதுகிறேன். கீழே வரும் தொகைகள் எனக்கும் என் வீட்டாருக்கும் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை கிளினிக்குகளில் சொன்னவை. இடத்துக்கு இடம் ஏறும், இறங்கும்.

1. எப்படிப்பட்ட வலி என்று கவனியுங்கள்

சில்லென்று எதையாவது குடித்தால் கூசுகிறது, குடிப்பதை நிறுத்தியதும் போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் அடைப்பதிலேயே முடியும். ஃபில்லிங் ஒரு பல்லுக்கு 600 முதல் 1,500 வரை சொன்னார்கள், ஒரே நாள் வேலை. சில்லென்று பட்டு நிமிஷக்கணக்கில் வலி நிற்கிறது, சூடான டீ பட்டால் உயிர் போகிறது, ராத்திரி படுத்ததும் விண்விண் என்று தெறிக்கிறது என்றால் சொத்தை நரம்பு வரை போயிருக்க வாய்ப்பு அதிகம். அது ரூட் கேனால் கேஸ்.

பல பேர் ஏமாறுவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். நாலைந்து நாள் தாங்கமுடியாமல் வலித்த பல் திடீரென்று அமைதியாகிவிடும். சாமிக்கு வேண்டிக்கொண்டது பலித்தது என்று எங்கள் அம்மா சொன்னார். நடந்தது என்னவென்றால் உள்ளே நரம்பு செத்துவிட்டது. கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகிறது. பிறகு ஈறில் பரு மாதிரி ஒன்று வந்து சீழ் வடியும்.

மெடிக்கல் ஷாப்பில் பல் வலி என்று சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மாத்திரை அங்கே போய்ச் சேராது. வீக்கம் கொஞ்சம் வடியும், காரணம் அப்படியே இருக்கும். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் வேண்டாம், எங்கள் பெரியப்பாவுக்கு அப்படி வைத்து ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. கன்னம் வீங்கியிருக்கும்போது வெளியே சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள், துணியில் சுற்றிய ஐஸ் போதும்.

வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், இது மூச்சை அடைக்கிற அளவுக்குப் போகக்கூடிய விஷயம்.

2. எங்கே போவது

மூன்று வழி இருக்கிறது, மூன்றுக்கும் செலவு வேறு, நேரம் வேறு.

அரசு ஆஸ்பத்திரி: திருவண்ணாமலை ரோட்டில் அடுக்கம்பாறையில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், தலைமை மருத்துவமனைகளிலும், பல தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் பல் பிரிவு உண்டு. காலையிலேயே போய்ப் புறநோயாளி சீட்டுப் போட வேண்டும், பத்து மணிக்கு மேல் சாவகாசமாகப் போனால் அன்றைக்கு உங்கள் முறை வருவது சந்தேகம். பல் எடுப்பதற்கும் சாதாரண அடைப்புக்கும் இதுவே போதும். கேப், கட்டுப்பல் மாதிரி லேபில் செய்து வாங்க வேண்டியது அங்கே கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, அடுக்கம்பாறைக்குப் பௌர்ணமி அன்று கிளம்பாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போன அனுபவத்தில் சொல்கிறேன்.

சி.எம்.சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை): பல் பிரிவு இருக்கிறது. இதயம், கிட்னி, புற்றுநோய் என்று வேறு பெரிய வைத்தியம் ஏற்கெனவே அங்கே நடக்கிறவர்களுக்குப் பல்லையும் அங்கேயே பார்ப்பது நல்லது, எல்லா ரிப்போர்ட்டும் ஒரே எண்ணில் இருக்கும். வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிற கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள், ஆகவே முன்பதிவு செய்துகொண்டு போங்கள். பொதுப் பிரிவுக்கும் தனிப் பிரிவுக்கும் கட்டணம் வேறு. ஊருக்கு நடுவில் ஒரு வளாகம், ராணிப்பேட்டைப் பக்கம் இன்னொரு வளாகம் என்று இருப்பதால் பதிவுச்சீட்டில் எந்த வளாகம் என்று போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள்.

தனியார் கிளினிக்: சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், தோட்டப்பாளையம் என்று எங்கும் இருக்கிறது. சாயந்திரமும் திறந்திருப்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் தோது. டாக்டர் பெயருக்குப் பின்னால் பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா, பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், ஒழுங்கான டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கடைவாய்ப்பல் ரூட் கேனால் என்றால் அதற்கென்றே எம்.டி.எஸ். என்ற மேல்படிப்பு படித்தவர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள், பல கிளினிக்குகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வருவார்.

பட்டம் எதுவும் இல்லாமல், பல் விழுந்த இடத்தில் அன்றைக்கே பக்கத்துப் பல்லோடு கம்பி கட்டிப் பிளாஸ்டிக் பல் ஒட்டித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஒட்டின இடத்துக்குள் பிரஷ் போகாது, சோறு அழுகும், ஒரு பல்லுக்காகப் போய் மூன்று பல் ஆடும். வேண்டவே வேண்டாம்.

3. கையில் என்ன எடுத்துப்போவது

தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப்போங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. சர்க்கரை இருந்தால் சமீபத்திய ரத்தப் பரிசோதனை, மூன்று மாதச் சராசரி இருந்தால் அதுவும். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, இதய வால்வு ஆபரேஷன், எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ போட்ட ஊசி, கர்ப்பம், ஏதாவது மருந்துக்கு அலர்ஜி, இதில் எது இருந்தாலும் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எலும்புக்கான சில ஊசிகள் போட்டுக்கொண்டவர்களுக்குப் பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது, நிறுத்தலாமா வேண்டாமா என்பதை இதய டாக்டரும் பல் டாக்டரும் முடிவு செய்யட்டும்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மரத்துப்போகிற ஊசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. பயத்தில் சாப்பிடாமல் போனவர்களுக்குத்தான் தலை சுற்றுகிறது. சர்க்கரைக்காரர்கள் சாப்பாட்டையும் மாத்திரையையும் இரண்டையும் விடக் கூடாது.

பழைய எக்ஸ்ரே இருந்தால் அதுவும். இப்போது சின்ன எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டரில்தான் விழுகிறது, எடுத்த உடனே உங்கள் வாட்ஸாப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் இரண்டாவது டாக்டரிடம் போனபோது பழைய படம் என்னிடம் இல்லாததால் எல்லாம் முதலிலிருந்து. ஒரு பல் படம் 200, முழுத் தாடைப் படம் 500 ஆனது.

4. நாற்காலியில் சாயும் முன் கேட்க வேண்டியது

மரத்துப்போன வாயை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

"ரூட் கேனால் 3,500" என்று சொன்னால் அதில் கேப் சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேராது. எனக்கு முதலில் சொன்னது 3,500, கேப் 4,500 என்பது கடைசி நாளில்தான் தெரிந்தது. குற்றம் சொல்ல முடியாது, நானும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எத்தனை, அதற்குத் தனிக் காசா, பல் உடைந்திருந்தால் உள்ளே கட்டி எழுப்பத் தனியா, மொத்தம் எத்தனை சிட்டிங், ஒவ்வொரு முறையும் எவ்வளவு கட்ட வேண்டும், இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டில் பல் எண்ணும் இருக்கட்டும். டாக்டர்கள் வாயை நாலாகப் பிரித்து எண் போடுவார்கள்: வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. அதற்குப் பக்கத்தில் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. என்னுடையது 36, அதாவது இடது கீழ் ஆறாவது. பில்லில் 36 என்று இருந்தால் நாளைக்கு எந்த ஊர் டாக்டருக்கும் புரியும்.

இன்ஷூரன்ஸை நம்பி உட்காராதீர்கள். சாதாரண மெடிக்கல் பாலிசிகளில் விபத்தில் பல் அடிபட்டால் தவிர, சொத்தை, ரூட் கேனால், கேப் எதற்கும் காசு வராது என்பதே வழக்கம். கம்பெனிப் பாலிசியில் வெளிநோயாளிச் செலவுக்கு என்று தனியாக ஏதாவது இருந்தால் மட்டும் கேட்கலாம். அதற்கு டாக்டர் பதிவு எண் போட்ட பில், சீட்டு, எக்ஸ்ரே மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

5. ரூட் கேனால்: நாள் கணக்கு

பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஊசி போடும்போது எறும்பு கடித்த மாதிரி, அப்புறம் உதடே இல்லாத மாதிரி. பல்லில் ஓட்டை போட்டு உள்ளே இருக்கிற நரம்பை எடுத்து, மெல்லிய ஊசிகளால் வேர்க் குழாயைச் சுத்தம் செய்து, கழுவி, ரப்பர் மாதிரி ஒரு பொருளால் அடைக்கிறார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே குழாய், கடைவாய்ப்பல்லுக்கு மூன்று நாலு இருக்கும், அதனால்தான் காசும் நேரமும் கூடுகிறது. ஒரு சிட்டிங்குக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். சீழ் இல்லாவிட்டால் சில சமயம் ஒரே நாளில் முடிப்பார்கள், இருந்தால் உள்ளே மருந்து வைத்து மூடி ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள்.

அந்த ஒரு வாரத்தில்தான் நான் கவிழ்ந்தேன். வைத்திருப்பது தற்காலிக அடைப்பு, சுண்ணாம்பு மாதிரி கரைந்துகொண்டே வரும். சில வாரம் தாங்கும், மாதக்கணக்கில் தாங்காது. நரம்பு எடுத்த பல்லுக்குள் வலி தெரியாது என்பதால் உள்ளே கிருமி மறுபடி போவதும் சட்டென்று தெரியாது. ஊருக்குப் போகிற வாரம், ஆடிக் கிருத்திகை வாரம், பொங்கல் வாரம் இதிலெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். கிளினிக்கும் லேபும் பூட்டியிருக்கும், நீங்களும் காவடியோடு ரத்தினகிரியில் இருப்பீர்கள். சம்பளம் வந்த முதல் வாரத்தில் ஆரம்பித்து, அடுத்த இரண்டு சனிக்கிழமையையும் அப்போதே எழுதி வாங்கிவிட்டால் ஒரே மாதத்தில் முடியும்.

ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அதுவரை மெல்லாதீர்கள், உதட்டையும் சேர்த்துக் கடித்துவிடுவீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் லேசாக வலிப்பது சகஜம். வலி கூடிக்கொண்டே போனாலோ வீங்கினாலோ மட்டும் போன் பண்ணுங்கள். சீட்டில் மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதியிருந்தால் அந்த நாட்களிலும், முடிந்த பிறகு இரண்டு மூன்று நாளும் சரக்கு பக்கமே போகாதீர்கள்.

6. கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள்

நரம்பு எடுத்த கடைவாய்ப்பல் உள்ளே குடைந்த தேங்காய் ஓடு மாதிரி. மேலே தொப்பி போட்டால்தான் கடிக்கிற பாரத்தைத் தாங்கும். அடைத்து முடித்த இரண்டு மூன்று வாரத்துக்குள் போட்டுவிடுங்கள், போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, எலும்பு எதுவும் வேண்டாம். முன்பல் நல்லபடியாக இருந்தால் கேப் தேவைப்படாமலும் போகலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் உலோகக் கேப் 2,000 சுமாருக்குக் கிடைக்கிறது. பார்க்க நன்றாயிராது, ஆனால் கடைசிப் பல்லுக்கு யார் பார்க்கப்போகிறார்கள், உழைப்பில் குறையே சொல்ல முடியாது. உலோகத்தின் மேல் செராமிக் போட்டது 4,000 முதல் 5,000, வருஷம் ஆக ஆக ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். உலோகமே இல்லாத வெள்ளைக் கேப்பான ஜிர்கோனியா 8,000க்கு மேல். அதற்குக் கியாரண்டி அட்டை தருவார்கள், அட்டை உங்கள் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள். அளவு எடுத்து லேபுக்கு அனுப்பி வர நாலு நாள் முதல் ஒரு வாரம்.

ஒட்டும் முன் நிதானமாகக் கடித்துப் பாருங்கள். மற்றப் பல் எல்லாம் சேரும் முன் இது மட்டும் முட்டுகிறது என்றால் உடனே சொல்லித் தேய்க்கச் சொல்லுங்கள், "பழகிடும்" என்று யார் சொன்னாலும் எழுந்திருக்காதீர்கள். பின்னால் கேப் கழன்று வந்தால் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், திரும்ப ஒட்டலாம். ஃபெவிக்விக் போட்டு ஒட்டினவர் ஒருவர் எங்கள் கம்பெனியிலேயே இருக்கிறார், அவர் கதை தனி.

7. பல் எடுக்கத்தான் வேண்டும் என்றால்

எடுப்பது சாதாரணப் பல்லுக்கு 500 முதல் 1,500. எலும்புக்குள் சாய்ந்து கிடக்கிற ஞானப்பல் என்றால் சின்ன ஆபரேஷன், தையல், 5,000க்கு மேல், இரண்டு நாள் லீவும் சொல்லிவிடுங்கள். வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். அன்றைக்கு முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, பீடி சிகரெட் கூடாது. ஓட்டையில் உறைந்த ரத்தக்கட்டிதான் அந்த இடத்துக்கு மூடி. அது கழன்றால் இரண்டு மூன்று நாளில் எலும்பு தெரிய ஆரம்பித்து, முதல் நாளை விடப் பெரிய வலி வரும். வந்தால் திரும்பப் போங்கள், கழுவி மருந்து வைப்பார்கள். ஆறின மோர்சாதம், ஐஸ்க்ரீம் நல்லது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்.

எடுத்த இடத்தை வருஷக்கணக்கில் காலியாக விட்டால் பக்கத்துப் பல் சாயும், மேல்பல் இறங்கும். கழற்றி மாட்டுகிற பல் செட்தான் மலிவு. பக்கத்துப் பற்களின் மேல் மாட்டி நிற்கிற பிரிட்ஜ் போட்டால் இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பல்லைத் தேய்க்க வேண்டும், மூன்று கேப் காசு. இம்ப்ளான்ட் என்றால் எலும்பில் டைட்டானியம் திருகு வைத்து, அது எலும்போடு சேர மூன்று மாதம் முதல் ஆறு மாதம் காத்திருந்து, அப்புறம் கேப். எனக்குத் திருகும் கேப்பும் சேர்த்து 28,000, ஸ்கேன் தனி. ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்று போர்டு பார்த்தால் உங்கள் எலும்புக்கு அது ஒத்துவருமா என்று ஸ்கேனை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

8. க்ளீனிங், பிள்ளைகள்

பல் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் காணும் என்று எங்கள் தெருவில் பாதிப்பேர் நம்புகிறார்கள். கற்படிவம் ஈறைக் கீழே தள்ளி எலும்பை ஏற்கெனவே அரித்திருக்கும், கல்லை எடுத்ததும் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். 800 ரூபாய், அரை மணி. சில நாள் கூசும். ஹான்ஸ், பாக்கு போடுகிறவர்கள் அன்றைக்கே கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் தடிப்போ இருந்தால் கண்டிப்பாக.

ஆறு வயசில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கிற கடைவாய்ப்பல் விழுந்து முளைக்கிற பல் இல்லை, கடைசி வரைக்கும் அதேதான். நானும் பால்பல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், என் 36-க்குச் சீட்டில் எண் எழுதிய டாக்டர் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து மகள் வாயைப் பார்த்தேன், அதே பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி. மறுநாள் சாயந்திரமே காட்பாடிக்குக் கூட்டிப்போய் 700 ரூபாயில் அடைத்துக்கொண்டு வந்தோம்.